அனைவரின் கவனத்திற்கு

மலாக்கா மாநிலத்தில் மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் இல்லை. எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர். நீங்கள் வலது காலைப் படியில் வைத்து இடது காலைத் தூக்குவதற்குள், நேற்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு, அதை யார் குறை சொன்னது, குறை சொன்னவர் இப்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்த பஸ்ஸில் ஒரே ஒரு திங்கட்கிழமை காலை ஏறியிருக்க வேண்டும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கண்ணாடி அண்ணன். மூக்குக் கண்ணாடி அவர் போட்டதே இல்லை. எல்லா பஸ்ஸிலும் டிரைவரின் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி இருக்கும், இவர் பஸ்ஸில் நான்கு இருந்தன. ஒன்று பஸ்ஸோடு வந்தது. இன்னொன்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது, பச்சை பிளாஸ்டிக் சட்டம் போட்டது. மூன்றாவது, சாலை வளைவில் நிறுத்தி வைப்பார்களே உருண்டைக் கண்ணாடி, அதன் தம்பி. நான்காவது யாருடைய பவுடர் டப்பாவிலிருந்து பெயர்ந்து விழுந்ததோ தெரியாது, கடைசி வரிசைக்கென்றே தனியாக ஒட்டி வைத்திருந்தார். சாலையை எப்போது அண்ணே பார்ப்பீர்கள் என்று கேட்டால், சாலை எங்கேயும் போகாது, மனுசங்கதான் போயிடுவாங்க என்பார்.

இந்த பஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் அவர் பதினைந்து வருடம் எஸ்டேட்டில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தனியாகப் போய், தனியாகத் திரும்பி வரும் வேலை. குலை பேசாது. பேசினாலும் அதற்கு மாமியார் கிடையாது. அப்படிப்பட்ட மனிதரின் முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒரு நாள் முப்பத்தைந்து பேர், அதில் முக்கால்வாசி பெண்கள், கொட்டாவியும் கோபமுமாக வந்து உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்? கண்ணாடி வாங்கினார்.

பஸ் கோலா சுங்கை பாருவில் கிளம்பும். நான் தங்கா பத்துவில் ஏறுவேன். பதினோரு வருடம், காலை ஐந்தே முக்காலுக்கு, அந்த நான்கு கண்ணாடிகளுக்கும் என் முகத்தைக் காட்டினேன்.

அவரிடம் சில சித்தாந்தங்கள் இருந்தன. கைப்பையைத் தோளில் வீசிக்கொண்டு ஏறுகிறவள் வீட்டில் ஜெயித்துவிட்டு வருகிறாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுகிறவள் தோற்றுவிட்டு வருகிறாள். பையை மறந்துவிட்டு ஏறுகிறவள் இன்னும் சண்டையை முடிக்கவில்லை, சாயங்காலம் தொடரும். எனக்குத் தெரிந்து இதில் பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தது. பத்தாவது ஆளுக்குப் பையின் வார் அறுந்திருந்தது.

டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் பெட்டியை ஒட்டி, ஒற்றை சீட் ஒன்று உண்டு. அதற்கு ஆஸ்பத்திரி சீட் என்று பெயர். வீட்டில் மனம் உடைந்து வருகிறவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே உட்கார்ந்தால் அண்ணன் ரேடியோவை நிறுத்திவிடுவார், ஒரு வார்த்தை கேட்க மாட்டார். என்ஜின் சூடு காலுக்கு இதமாக இருக்கும். தொழிற்சாலை வருவதற்குள் பாதிப் பேருக்கு ஆறிவிடும். ஒரு தீபாவளிக்கு மறுவாரம் ஒரே நேரத்தில் மூன்று பெண்கள் அந்த சீட்டுக்குப் போட்டி போட்டார்கள். யார் புருஷன் மோசம் என்று நடு பஸ்ஸில் வழக்கு நடந்தது. வழக்கின் முடிவில் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், சீட் காலியாகவே வந்து சேர்ந்தது.

கஸ்தூரி என்று ஒரு சின்னப் பெண் எங்களோடு வருவாள். அவள் பேசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று பதில் போடுவதை நிறுத்திவிட்டான். அவள் அனுப்பியதைப் படித்துவிட்டான் என்று நீல டிக் காட்டுகிறது, பதில் மட்டும் வரவில்லை. மூன்று நாள் சோறு இறங்காமல் ஆஸ்பத்திரி சீட்டிலேயே குடியிருந்தாள். நான்காம் நாள் அண்ணன் வாயைத் திறந்தார். பஸ் டயரைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பு என்றார். எழுத்து ஒன்றும் வேண்டாம், டயர் மட்டும் போதும்.

"கோவமா போட்டா ஒளிஞ்சுக்குவான். அழுது போட்டா ஓடிடுவான். இவன் ஆளு கெட்டவன் இல்லம்மா, பயந்தவன். என்னன்னு புரியலன்னா கேட்டுத்தான் ஆகணும் லா."

அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் போன் வந்தது. என்ன டயர், யாருக்கு என்ன ஆச்சு, நீ எங்கே இருக்கிறாய் என்று பையன் பதறினான். இப்போது அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அண்ணன் காலில் விழுந்தபோது அண்ணன் என் பக்கம் திரும்பி, பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றார்.

தப்பும் செய்திருக்கிறார். செல்வி என்று ஒருத்தி. ஒரு நாள் காலை கண்கள் சிவந்து, கண்ணீர் கொட்டக் கொட்ட ஏறினாள். அண்ணன் ஒரே பார்வையில் நாத்தனார் பிரச்சினை என்று முடிவு கட்டி, ஆஸ்பத்திரி சீட்டில் உட்கார வைத்து, எல்லோரும் போய் ஆறுதல் சொல்லுங்கள் என்று உத்தரவும் போட்டார். போனோம். கையைப் பிடித்தோம். எங்கள் கைக்குட்டையால் அவள் கண்களைத் துடைத்து, அதே கைக்குட்டையால் எங்கள் கண்களையும் துடைத்துக்கொண்டோம். வந்திருந்தது ஒட்டிக்கொள்ளும் கண்வலி. மூன்றே நாளில் பஸ் முழுக்கக் கண் சிவந்து போனது. தொழிற்சாலை வாசலில் நின்ற காவலாளி, இவர்கள் ஏதோ சாவு வீட்டிலிருந்து நேராக வருகிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். அண்ணனுக்கும் வந்துவிட்டது. நான்கு கண்ணாடி இருந்தும் எதிலும் ஒன்றும் தெரியாமல் ஒரு வாரம் வீட்டில் கிடந்தார். திரும்பி வந்ததும், கணிப்பு தப்புதான், ஆனால் நாத்தனார் பிரச்சினையும் இருந்தது என்றார். செல்வியிடம் கேட்டோம். இருந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் ஒரு புதன்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்தபோது, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டார். சண்டை போட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் பொட்டு வைத்து, பவுடர் போட்டு, பையைத் தோளில் வீசிக்கொண்டு, எல்லோருக்கும் முந்திச் சிரித்துக்கொண்டே ஏறினேன். கண்ணாடி அண்ணன் நான்கு கண்ணாடியையும் பார்க்கவில்லை. திரும்பி நேராக என்னைப் பார்த்து, ஆஸ்பத்திரி சீட்டின் மேலிருந்த தன் துண்டை எடுத்துவிட்டார். உட்கார்ந்தேன். தொழிற்சாலை வாசல் வந்தபோது எனக்கு இன்னும் அழுகை முடியவில்லை. அவர் வாசலைத் தாண்டி ஓட்டினார். அடுத்த வட்டச் சாலையை இரண்டு முறை சுற்றினார். நான் முகத்தைத் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டார். ஏன் தாமதம் என்று கேட்ட காவலாளியிடம், வழியில் மாடு படுத்திருந்தது என்று சொன்னார். தொழிற்பேட்டையில் ஏது மாடு? அன்றைக்கு அந்த மனிதரை நான் என் கூடப்பிறந்தவராக எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஊருக்கெல்லாம் மனவைத்தியம் பார்த்தவரின் சொந்த வீட்டுக் கதை எங்களுக்கு ஒரு விபத்தில்தான் தெரியவந்தது.

பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று சொல்வதற்காக கஸ்தூரி ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாள். அண்ணனுடைய பெயருக்கு நேரே பழைய லிஸ்டில் இரண்டு நம்பர் இருந்தது. இரண்டும் அவருடையதுதான் என்று நினைத்து இரண்டையும் சேர்த்துவிட்டாள். இரண்டாவது நம்பர் அவருடைய மனைவியுடையது, எங்களுக்கு அவர் அக்கா. அடுத்த நாள் காலை குரூப்பில் ஒரு அறிவிப்பு வந்தது.

"அனைவரின் கவனத்திற்கு. பஸ் டிரைவர் பசியாறாமல் கிளம்பிவிட்டார். இடியப்பம் மேசை மேல் உள்ளது. இதை யாராவது அவரிடம் தெரிவிக்கவும்."

பஸ்ஸில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. தெரிவித்தோம். பஸ் நின்றதும் அண்ணன் தன் போனை எடுத்து, ஒற்றை விரலால், ரொம்ப நேரம் தட்டினார். மறுபடி எல்லாப் போனும் கிணுகிணுத்தது.

"அனைவருக்கும் வணக்கம். டிரைவர் பத்து மணிக்கு வீடு திரும்பிப் பசியாறுவார். இடியப்பத்தை மூடி வைப்பது நல்லது."

அண்ணனைத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்பது வருடமாகப் பேசவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை, நடுவில் நின்று சொல்ல. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தாராம். இவர் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படிச் சிரிக்கிறவன் மனசில் ஏதோ பெரிய கவலையை மறைக்கிறான் என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கணிப்பு சொல்லியிருக்கிறார். அக்காவின் அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அக்கா வீட்டுக்கு வந்து, இனிமேல் என்னிடம் பேசாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டால் மதிக்க வேண்டும் என்று கண்ணாடி அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய சமாச்சாரம். யார் முதலில் என்பதில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

ஆக, ஒன்பது வருடம் வாயடைத்துக் கிடந்த வீட்டுக்கு கஸ்தூரி தெரியாத்தனமாக ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாள். அதன் பிறகு பஸ் எப்போது வரும் என்று அந்த குரூப்பில் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. தினமும் அறிவிப்புதான். அறிவிப்பு என்றால் இலக்கண சுத்தமான அறிவிப்பு, ஆபீஸ் சுற்றறிக்கை தோற்றுவிடும். குளியலறைக் குழாய் சொட்டுவதைச் சம்பந்தப்பட்டவர் கவனிக்க வேண்டும் என்று அக்கா எழுதுவார். புகார் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை நடவடிக்கை எடுக்கப்படும் என்று அண்ணன் எழுதுவார். எங்களுக்குள் இரண்டு கட்சி உண்டானது. அக்கா கட்சிக்குத்தான் ஆள் அதிகம். எங்களோடு வந்த காக் ரோஹானி என்ற மலாய் அக்காவுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அவர் தினமும் பத்து மணிக்கு, அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று மலாயில் கேட்டுவிடுவார். யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது.

ஒரு வருடக் கடைசியில் பஸ்ஸில் வருகிற நாங்கள் எல்லோருமாக உம்பாய்க்குப் போய், கடலோரக் கடையில் சுட்ட மீன் சாப்பிட்டோம். அக்காவும் வந்திருந்தார். அன்றைக்குத்தான் அவரை நேரில் பார்த்தேன். ஒல்லியான ஆள், ஆளுக்குப் பொருந்தாத கனமான குரல். நீள மேசையில் அந்தக் கோடியில் அக்கா, இந்தக் கோடியில் அண்ணன். அந்த மீனில் முள் அதிகம், பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அக்கா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார். அது வாய் வாயாக, ஒரு சொல் குறையாமல், மேசையின் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்கு அவ்வளவு பழக்கமாகிவிட்டது. எனக்கு என்னவோ அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கைகழுவப் போன இடத்தில் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறீர்கள், உங்கள் வீட்டில் மட்டும் ஏன் அண்ணே இப்படி என்று கேட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடியில பின்னாடி இருக்குறவங்க முகம்தான்மா தெரியும். பக்கத்துல இருக்குறவங்க முகம் விழாது."

நான் குழாயை மூடினேன்.

பிறகு ஒரு நாள் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் கொண்டுபோய்விட்டார்கள். கடைசி நாள் அண்ணன் நான்கு கண்ணாடியையும் துடைத்து வைத்திருந்தார். அன்றைக்கு எல்லோருக்குமே ஆஸ்பத்திரி சீட் தேவைப்பட்டது, அதனால் யாரும் அதில் உட்காரவில்லை.

பஸ் நின்ற பிறகு குரூப்பில் ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். செல்வி வெளியேறினார். கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொருவர் வெளியேறினார். காக் ரோஹானி போகும்போது அக்காவின் மீன் குழம்பு ரொம்பப் பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போனார், ஒரு நாள்கூடச் சாப்பிடாமலேயே. கஸ்தூரிக்கு இரட்டைக் குழந்தைகளோடு போனைப் பார்க்க நேரமில்லை, அவளும் போனாள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். வராத பஸ்ஸுக்கு யார் காத்திருப்பார்கள்? நாலு மாதம் கழித்துப் பார்த்தால், முப்பத்தேழு பேர் இருந்த குரூப்பில் மூன்று பேர்தான் மிச்சம். கண்ணாடி அண்ணன், அக்கா, நான்.

எனக்கு இப்போது ஒரு பல் கிளினிக்கின் முகப்பில் உட்காரும் வேலை. அங்கே வருகிறவர்களுக்கு உள்ளே போகும்போது பயத்தில் பேச்சு வராது, வெளியே வரும்போது ஊசியால் பேச்சு வராது. வீட்டில் நான் மட்டும்தான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். சாப்பிட்டீர்களா என்பான், சாப்பிட்டேன் என்பேன், சரிம்மா என்பான். அன்புக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை, பேசுவதற்குத்தான் சரக்கு இல்லை. சில நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, காலையில் நான் வைத்துவிட்டுப் போன கோப்பை வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். அதை யாராவது நகர்த்தி வைத்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

அந்த நாட்களில் என் போனில் பேர் சொல்லும்படி வருவது அந்த அறிவிப்புகள் மட்டும்தான். அது இல்லாவிட்டால் என் போன் வெறும் டார்ச் லைட். அனைவரின் கவனத்திற்கு, இன்று தோசை, சட்னி அரைத்தாகிவிட்டது என்று அக்கா போடுவார். சட்னியில் உப்பு பற்றிய முந்தைய புகார் இன்னும் நிலுவையில் உள்ளது என்று அண்ணன் போடுவார். அந்த 'அனைவரும்' நான் ஒருத்திதான். இரு தரப்பும் அமைதி காக்கவும் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, நானும் ஒரு தோசையைச் சுட்டுக்கொள்வேன்.

பஸ் நின்றால் அறிவிப்புகள் குறையும் என்று எதிர்பார்த்தேன். கூடின. காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் மூன்று. அண்ணன் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், அக்காவும் வீட்டில்தான். எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, தங்கா பத்துவில் இருக்கிற என் வழியாகப் பேசுகிறார்களே என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சுருக்கென்றது. மூன்று பேர் இருந்தால்தான் அது குரூப். நான் வெளியேறிவிட்டால் மிச்சம் இரண்டே பேர், 'அனைவருக்கும்' என்று யாருக்கு எழுதுவார்கள்? வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து பேசித்தான் ஆக வேண்டும். இத்தனை நாள் அவர்களுக்கு நடுவில் சுவராக நின்றது நான்தான். அந்த இரண்டு பேருடைய மௌனத்தில் நான் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறேன்.

இது புரிந்த பிறகும் இரண்டு மாதம் நான் வெளியேறவில்லை. உண்மையைச் சொல்கிறேன், மனசு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். பதில் எழுதுவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஓகே என்று ஒற்றை வார்த்தை போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் போடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் காடியை ஓட்டிக்கொண்டு கோலா சுங்கை பாருவுக்குக் கிளம்பினேன். நேரில் சொல்லிவிட்டு வெளியேறுவது என்று முடிவு. சொல்லாமல் போவது எனக்கு ஆகாது. சொல்லாமல் போனால் மற்றவருக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவர்கள் வீடு வரிசை வீட்டில் ஓரத்து வீடு. காடியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கேட்டருகே போய்க் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சமையலறைக் கண்ணாடிச் சட்ட ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கனமான குரல் அக்காவுடையது.

"நேத்து போட்டதுக்கும் பதில் இல்லங்க. ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு. பாத்துட்டுச் சும்மா இருக்கு."

"உடம்பு கிடம்பு சரியில்லையோ?" இது அண்ணன்.

"ரெண்டு வாரமாவே ஓகே, ஓகேன்னுதான் போடுது."

"ஓகேன்னு மட்டும் போட்டா நல்லா இல்லன்னு அர்த்தம். இன்னிக்குச் சண்டை மாதிரி ஒண்ணு போடு. சண்டைன்னா அந்தப் புள்ளைக்குப் பொறுக்காது, பஞ்சாயத்துக்கு ஓடி வந்துடும்."

"தெனமும் நான் எங்க போறது சண்டைக்கு? மீன் கொழம்ப நீங்க கொற சொன்னதா போடவா?"

"போடு. நான் மறுப்பு போடுறேன். தனியா இருக்குற புள்ளகிட்ட சாப்டியான்னு கேட்டா, சாப்ட்டேன்னுதான் சொல்லும். நீ வந்து தீர்ப்பு சொல்லுன்னு கேட்டாத்தான் எந்திரிச்சு உக்காரும்."

அவர்கள் எப்போது பேச ஆரம்பித்தார்கள் என்பதை அக்கா பிற்பாடு ஒரு நாள் சொன்னார். பஸ் நின்ற மூன்றாம் நாள், அடுப்பில் குழம்பு பாதி கொதிக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டதாம். குரூப்பில் எழுதி, அவர் படித்து, எழுந்து வருவதற்குள் குழம்பு கெட்டுவிடும் என்று அக்கா வாயால் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் வந்து புது கேஸ் தோங்கை மாட்டிவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அத்தனை வருட மௌனம் அவ்வளவில் முடிந்தது. அதாவது, ஆறு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் குரூப் தேவைப்படவில்லை. ஆறு மாதமாகக் காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் மூன்று என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்து யோசித்துச் சண்டை போட்டது எனக்காக.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தபோது கைப்பைக்குள் என் போன் கிணுகிணுத்தது. உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. ஜன்னலில் அக்காவின் முகம் வந்தது. அவருக்குப் பின்னால் அண்ணன், கையில் வெங்காயமும் கத்தியுமாக. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தேன், அவர் எனக்கு முன்பே கவனித்திருப்பார்.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். அக்காவை முந்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வாம்மா. அவங்கள கோப்பி கலக்கச் சொல்லு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல் குறையாமல், அக்காவிடம் சொன்னேன்.

"எத்தனன்னு அவரக் கேட்டுச் சொல்லு" என்றார் அக்கா.

கேட்டேன்.

"மூணுன்னு சொல்லும்மா" என்றார் கண்ணாடி அண்ணன்.